வாட்ஸ்அப்பில் 900 பேர் இருக்கிறோம், தனியாக ஒரு மன்றம் தொடங்கலாமா?

கேள்வி, 2 ஜூன் 2024, ஞாயிறு

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களும் விற்பவர்களும் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். 900 பேரைத் தாண்டிவிட்டது. 1024க்கு மேல் சேர்க்க முடியாது. ஃபைட்டர் மீனுக்கு வால் அழுகுது, என்ன செய்ய என்று வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். நாலு முறையும் முதலிலிருந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் சொன்னதைத் தேடினால் கிடைப்பதில்லை. இணையத்தில் தனியாக ஒரு விவாத மன்றம் தொடங்கலாம் என்று நானும் இரண்டு நண்பர்களும் நினைக்கிறோம். எந்த மென்பொருள் நல்லது? ஆட்களை எப்படி வரவைப்பது? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2 ஜூன், இரவு 9.50

நான் மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு மன்றம் நடத்துகிறேன், 2013லிருந்து. வீடு மேற்கு மாம்பலத்தில்.

மென்பொருளுக்கு இரண்டு பெயர் சொல்வேன். பிஎச்பிபிபி 2000லிருந்து இருக்கிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கிலேயே, அதாவது தளத்துக்கு வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே, ஓடும். டிஸ்கோர்ஸ் 2013ல் வந்தது. போனில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், குறைந்தது 1 ஜிபி ரேம், டாக்கர் என்ற இன்னொரு மென்பொருள் வழியாக நிறுவ வேண்டும், மின்னஞ்சல் அனுப்பவும் தனி ஏற்பாடு வேண்டும். உங்கள் மூன்று பேரில் சர்வர் வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் டிஸ்கோர்ஸ். இல்லையென்றால் பிஎச்பிபிபி. இரண்டுக்குமே மென்பொருளுக்குக் காசு கிடையாது, இடத்துக்குத்தான் வாடகை.

3 ஜூன், காலை 6.15

ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது, மென்பொருளிலிருந்து ஆரம்பித்துத் தப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கு முதல் வருஷம் வீணாய்ப் போனதும் அப்படித்தான்.

மன்றம் திறந்த அன்று 14 பிரிவுகள் போட்டேன். கீரைக்கு ஒன்று, கொடிக்காய்க்கு ஒன்று, மூலிகைக்கு, பூவுக்கு, உரத்துக்கு, பூச்சிக்கு, கருவிகளுக்கு என்று அழகாக அடுக்கி வைத்திருந்தேன். முதல் மாதம் வந்தவர்கள் 23 பேர். 14 பிரிவில் 9 பிரிவுக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தது. உள்ளே வருகிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஏன் எழுதப்போகிறார்? கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டு இலை விரித்துவிட்டு ஆள் வராமல் இருந்த மாதிரி இருந்தது.

எட்டாவது மாதம் எல்லாவற்றையும் மூன்றாகச் சேர்த்தேன்: செடி, மண், மற்றவை. அப்புறம்தான் ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் பட ஆரம்பித்தது. பிரிவை ஜனங்கள் கேட்கும்போது பிரியுங்கள். கீரைக்காரர்கள் தொல்லை தாங்கவில்லை என்று மற்றவர்கள் சொல்லும் நாள் வரும், அன்றைக்குப் பிரித்தால் போதும்.

3 ஜூன், மதியம்

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆரம்பத்தில் ஆளே இல்லாவிட்டால் நாமே பல பெயர்களில் எழுதலாமா என்று. இணைப்புகள் போட்டுப் பேசும் தளமான ரெடிட்டைத் தொடங்கியவர்கள் 2005ல் அப்படித்தான் செய்தார்கள், தாங்களே பல பெயர்களில் பதிவுகள் போட்டார்கள், அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். செய்தி இணைப்பு போடுவதற்கு அது சரிப்பட்டிருக்கலாம். கேள்வி பதிலுக்குச் சரிப்படாது. இல்லாத செடிக்கு வந்த நோயைப் பற்றி எழுதினால், பத்து வருஷம் செடி வளர்த்தவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

நான் செய்தது வேறு. என்னிடம் நேரில் கேட்டவர்களின் கேள்வியைப் போட்டேன். “நர்சரியில் பக்கத்தில் நின்றவர் கேட்டது: முருங்கை பூக்கிறது, பூ எல்லாம் உதிர்ந்துவிடுகிறது, ஏன்?” என்று எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுவேன். உங்களுக்கோ வாட்ஸ்அப் குழுவிலேயே கேள்வி கொட்டிக் கிடக்கிறது. கேட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துப் போடுங்கள்.

4 ஜூன், இரவு

இன்று ஊரெல்லாம் தேர்தல் முடிவு பேச்சு. ஆனாலும் இதை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நான் வைத்துக்கொண்ட ஒரே விதி: எந்தக் கேள்வியும் பதில் இல்லாமல் ஒரு ராத்திரி தூங்கக் கூடாது. பதில் தெரியாவிட்டாலும், “படம் இருக்கிறதா? எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது?” என்று திருப்பிக் கேட்டாவது வைக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் இதைத் தவறாமல் செய்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த வாரம், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எலுமிச்சைச் செடியின் இலை சுருட்டலுக்குப் பதில் எழுதியது நினைவிருக்கிறது. பதில் கிடைத்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மீதிப் பேர்தான் பின்னாளில் மற்றவர்களுக்குப் பதில் சொன்னார்கள்.

எழுதுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். இணையதளங்களை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 2006ல் இணையக் கூட்டங்களைப் பற்றி எழுதியது இதைத்தான்: 90 சதவீதம் பேர் படிப்பார்கள், 9 சதவீதம் எப்போதாவது எழுதுவார்கள், ஒரு சதவீதம்தான் ஓயாமல் எழுதுவார்கள். உங்கள் 900ஐ அப்படிக் கணக்குப் போட்டால் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேர் யார் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். மற்ற 891 பேருக்கு அறிவிப்பு அனுப்புவது அப்புறம்.

6 ஜூன்

கேள்வி கேட்பவருக்கு ஒரு அச்சு கொடுங்கள். “செடி வாடுது உதவுங்க” என்று வரும், கூட ஒரு படம்கூட இருக்காது. எங்கள் மன்றத்தில் புதுப் பதிவு திறந்தாலே நாலு வரி தானாக வந்து நிற்கும்: பை அல்லது தொட்டியின் அளவு, மண் கலவை, வெயில் நேரம், தண்ணீர் எங்கிருந்து. உங்களுக்கு: தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், மெட்ரோ தண்ணீரா போர் தண்ணீரா லாரியா, கடைசியாக எப்போது எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள். இந்த நாலைந்து வரியை நிரப்பும்போதே கேட்பவருக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். “ஐயோ, நான் பை அடியில் ஓட்டையே போடவில்லை” என்று எழுதி, கேள்வியைத் தானே வாபஸ் வாங்கியவர்கள் உண்டு.

தலைப்பையும் கவனியுங்கள். “அவசரம்”, “உதவி தேவை” என்று 60 பதிவுகள் இருந்தால் தேடி என்ன பயன்? நான் தலைப்பை மட்டும் மாற்றிவிடுவேன். “கத்தரி: இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி” என்று. மாவுப்பூச்சி என்று பெயர் தெரிந்தவர் தேடவே மாட்டார், அவருக்குத்தான் மருந்தும் தெரியுமே. பெயர் தெரியாதவர் பஞ்சு மாதிரி என்றுதான் தேடுவார். அதனால் தலைப்பில் கண்ணில் படுவதையும் போடுங்கள், பெயரையும் போடுங்கள்.

6 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

தேடல் என்றதும் இன்னொன்று. பிஎச்பிபிபியின் தேடலுக்குத் தமிழ் வேற்றுமை உருபு தெரியாது. தக்காளி என்று தேடினால் “தக்காளியில்”, “தக்காளிக்கு” வராது. பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு தக்காளி* என்று தேடினால் வரும். ஆனால் மரம்* என்று போட்டால் “மரத்தில்” வராது, மர* என்று போட வேண்டும். தேடும் பெட்டிக்கு மேலேயே இதை எழுதி வைத்த பிறகுதான் பழைய பதிவுகளை ஜனங்கள் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள்.

9 ஜூன், ஞாயிறு

தங்கிலீஷ் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் கறாராகத்தான் இருந்தேன்: தமிழ் எழுத்தில் எழுதாவிட்டால் பதிவு நீக்கப்படும். அப்போது பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம், அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா, ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதுவார். மூன்று முறை நீக்கினேன். நாலாவது முறை தனிச்செய்தியில் எழுதினார்: “மகன் போன் இது, இதில் தமிழ் இல்லை, கருவேப்பிலை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.” அதைப் படித்துவிட்டு நீக்கிய மூன்றையும் மீட்டு, உட்கார்ந்து தமிழில் தட்டெழுதிப் போட்டேன். கருவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றி, நுனி கிள்ளிவிட்டு, ஒரே குச்சியாகப் போன செடியை எப்படிப் புதராக்கினார் என்று மாதவாரியாக எழுதியிருந்தார். இன்றுவரை எங்களிடம் அதிகம் படிக்கப்படுவது அதுதான். மன்றத்தின் விதியைவிட அந்தக் கருவேப்பிலை பெரிது. இப்போது விதி இதுதான்: எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், தலைப்பை நாங்கள் தமிழாக்கிவிடுவோம்.

11 ஜூன்

போலிக் கணக்குகள் பற்றி. திறந்த பத்தாவது நாளிலிருந்து மருந்து விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் கொட்டும். கோணல்மாணல் எழுத்துப் படம் காட்டி நிரப்பச் சொல்வதெல்லாம் இயந்திரத்துக்குத் தூசு. பிஎச்பிபிபியில் நாமே கேள்வி வைக்கும் வசதி உண்டு. “ஆடிப்பட்டம் தேடி ____” என்று வைத்தேன், பதில் “விதை”. வந்துகொண்டிருந்த குப்பை ஒரே ராத்திரியில் நின்றது. உங்களுக்கு மீன் சம்பந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன்

நேற்று சொன்னதில் ஒரு திருத்தம். ஒரே ராத்திரியில் நின்றது உண்மை, ஆனால் கூடவே நல்ல ஆட்கள் சிலரும் வெளியே நின்றுவிட்டார்கள். மலேசியாவிலிருந்து பதிவு செய்ய முயன்ற ஒருவர் அந்தப் பழமொழியே கேள்விப்பட்டதில்லை என்று மின்னஞ்சல் அனுப்பினார். சிலர் ஆங்கில எழுத்தில் விதை என்று அடித்திருந்தார்கள். ஒரே கேள்விக்குப் பல பதில்களை ஏற்க வைக்கலாம், அப்படி மாற்றினேன். கூடவே கீழே, “சிக்கல் என்றால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்” என்று ஒரு வரி.

மின்னஞ்சல் என்றதும்: பதிவு செய்தவுடன் போகும் உறுதிப்படுத்தும் மடல் பாதிப் பேருக்குக் குப்பைப் பெட்டியில்தான் விழும். தளத்தின் டொமைன் பெயரில் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் (மடல் நம் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹோஸ்டிங்காரரைக் கேளுங்கள், பத்து நிமிஷ வேலை.

ஆனால் நம் ஊரில் மின்னஞ்சல் பார்த்து யாரும் மன்றத்துக்குத் திரும்பி வருவதில்லை. அதனால் வாட்ஸ்அப் குழுவை மூடாதீர்கள் தம்பி. அங்கே கேள்வி வந்தால் அங்கே பதில் சொல்லாமல், மன்றத்தில் எழுதிவிட்டு அந்த இணைப்பை ஒட்டுங்கள். கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

15 ஜூன்

இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளாக இங்கே வந்துகொண்டிருக்கிறேன்.

2019 கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரி நாலும் வறண்டு, லாரிக்காக நாம் குடத்தோடு நின்ற வருஷம். எங்கள் மன்றத்தில் ஒரே கேள்விதான்: செடிக்கு என்ன ஊற்றுவது? குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம் என்று நான் எழுதினேன். வீணாகத்தானே போகிறது என்று. நிறையப் பேர் நன்றி சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து நங்கநல்லூரிலிருந்து ஒருவர் திரும்பி வந்தார். நான் சொன்னபடியே செய்திருக்கிறார். வெண்டை இலையின் ஓரமெல்லாம் தீய்ந்துபோயிருந்தது. அவரே தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி, ஆர்ஓ கழிவுத் தண்ணீரையும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து, மீட்டரை விட்டுப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஆர்ஓ தண்ணீரில் எண் ஆயிரத்தைத் தாண்டியது. ஏசி தண்ணீரில் இரண்டு இலக்கம்தான். யோசித்தால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, போர் தண்ணீரின் உப்பையெல்லாம் சேர்த்து அது வெளியே தள்ளுகிறது. பையில் அந்த உப்பு தங்கிவிடும், மழை வந்தால்தான் கழுவிக்கொண்டு போகும், மழையோ இல்லை.

அவர் கோபமாக எழுதவில்லை. “அக்கா, நீங்கள் சொன்னதைச் செய்தேன், இது நடந்தது” என்று மட்டும் எழுதியிருந்தார். என் பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அதன் தலையில் தடித்த எழுத்தில், இது தவறு, கீழே நங்கநல்லூர்க்காரர் போட்ட படத்தைப் பாருங்கள் என்று சேர்த்தேன்.

ஒரு மன்றத்துக்கு உயிர் கொடுப்பது இந்தத் திரும்பி வருகிற ஆள்தான் என்று நான் நம்புகிறேன். கேள்வி எங்கேயும் கேட்கலாம், பதிலும் எங்கேயும் கிடைக்கும். அந்தப் பதிலைச் செய்து பார்த்து என்ன ஆயிற்று என்பது வாட்ஸ்அப்பில் வராது, இரண்டு மாதத்தில் அந்தப் பேச்சு எங்கோ மேலே போய்ப் புதைந்திருக்கும். அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். பதில் சொன்ன தேதி, செடி, ஆள். ஆறு வாரம் கழித்து நானே கேட்பேன்: “அந்தப் புடலை என்ன ஆயிற்று?” செத்துப்போயிற்று என்றாலும் எழுதச் சொல்வேன். அந்த நோட்டு தொடங்கிய பிறகு வளர்ந்த அளவு, அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் நாங்கள் வளரவில்லை.

16 ஜூன்

மன்றத்தில் சண்டை வருமா என்று தம்பி கேட்டதற்கு: ஆமாம், சண்டையெல்லாம் வரும். எங்களிடம் யூரியாவா பஞ்சகவ்யமா என்று மாதக்கணக்கில் நடந்தது. “எல்லாரும் சொல்கிறார்கள்” என்று எழுதினால் நீக்குவேன், “நான் செய்தேன்” என்று எழுதினால் எந்தப் பக்கமானாலும் இருக்கட்டும் என்று வைத்தேன். அதற்கு மேல் அடங்கியது தி.நகர் நடேசன் பூங்காவில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விதை மாற்றிக்கொள்ளக் கூடினோம். தீப்பெட்டியில் கொத்தவரை விதை, அதன் மேல் மன்றப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார் யூரியாக்காரர். அதை வாங்கிக்கொண்டு போனவர் பஞ்சகவ்யக்காரர். அப்புறம் இரண்டு பேரும் எழுதிக்கொண்டதே வேறு மாதிரி இருந்தது.

18 ஜூன்

வியாபாரிகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். உரம் விற்கிற ஒருவர் எல்லாக் கேள்விக்கும் தன் கடைக் கலவையையே பதிலாகச் சொன்னார், வெளியே அனுப்பினேன். அதே விதியை நீங்களும் வையுங்கள் என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். கொளத்தூரில் மீனைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் கடைக்காரர்களும் குஞ்சு பொரிப்பவர்களும்தான். அவர்களை வெளியே நிறுத்தினால் விஷயமே வெளியே போய்விடும். பெயருக்குப் பக்கத்தில் “விற்பனையாளர்” என்று போடச் சொல்லுங்கள், விலைக்கும் விற்பனைக்கும் தனிப் பிரிவு கொடுங்கள், மற்ற இடங்களில் விலை பேசக் கூடாது.

18 ஜூன், இரவு

மறந்துவிடப் போகிறேன்: காப்புப் பிரதி. எங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஒருமுறை வட்டு போய்விட்டது. என்னிடம் தரவுத்தளத்தின் நகல் வாராவாரம் இருந்தது, அதனால் எழுத்து எல்லாம் மீண்டது. படங்கள் தரவுத்தளத்துக்குள் இருக்காது, தனிக் கோப்புறையில் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 14 மாதப் படங்கள் போயின. “இந்தப் படத்தைப் பாருங்கள், புழு தெரிகிறதா?” என்று எழுதியிருக்கும், கீழே வெறும் கட்டம். இரண்டையும் எடுங்கள், அந்த சர்வரிலேயே வைக்காமல் வீட்டில் ஒரு வட்டில் வையுங்கள், மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.

புகார்களுக்கு ஒருவர் பெயரைத் தளத்தில் போடுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் புகார் வந்தால் 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்று இருந்தது. இப்போதைய நிலவரத்தை வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

14 ஜூலை, ஞாயிறு

தம்பி தொடங்கிவிட்டார். இரண்டே பிரிவு, பதினொரு பேர். போய்ப் பார்த்தேன், ஃபைட்டர் வால் அழுகல் பற்றி ஒரு பதிவு, அதில் தண்ணீர் மாற்றிய ஆறாம் நாள் படமும் இருக்கிறது. மனசு நிறைந்துவிட்டது. நானும் அங்கே சேர்ந்து ஒரு கேள்வி போட்டிருக்கிறேன், உங்கள் அச்சுப்படியே:

தொட்டி: கண்ணாடிக் குடுவை, 8 லிட்டர் இருக்கும். மீன்: தங்கமீன் இரண்டு, அண்ணன் பேத்தியுடையது. தண்ணீர்: மெட்ரோ, குழாயில் பிடித்து அப்படியே ஊற்றியது, நேற்று மாலை முழுவதும் மாற்றினோம். இன்று காலையிலிருந்து இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இப்போது என்ன செய்ய?